ஐந்து ரோடா, அடிவாரமா, ஏற்காடா?

சொகுசு ஓட்டலுக்கு எடுப்பான இடம் சொகுசு அடுக்குமாடிக்கும் எடுபடும் என்ற நினைப்பில்தான் சேலத்தில் பலரும் மனை தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஓட்டல் என்றால் ஐந்து ரோடு, ஜங்ஷன் மெயின் ரோடு பக்கம்தான். நிலத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், சரி. ஆனால் வெள்ளி, ஜவ்வரிசி வியாபாரம், இரும்பாலை வேலை என்று வெளியூர்க்காரர்கள் வார நாட்களிலும் வந்து தங்குகிற ஊர் இது. முகூர்த்த நாளில் மண்டபத்தோடு அறைகளும் போய்விடும். ஆடியும் மார்கழியும்தான் கொஞ்சம் மந்தம். சிக்கல், 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். பாலத்தை ஒட்டிய மனை என்றால் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் ஹாரன் அடிக்கும். முன்பக்கம் படுக்கையறையே வைக்காமல் லிஃப்ட், படிக்கட்டு, சாமான் அறை என்று ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஏற்காட்டின் கணக்கே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு, ஏரி, காபித் தோட்டம் எல்லாம் விளம்பரத்துக்கு அழகு. வெள்ளி ராத்திரி நிரம்புகிற அறை திங்கள் காலையில் காலி. கோடை விழாவை மட்டும் நம்பி வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்க முடியுமா? மலைப்பகுதி என்பதால் கட்டட அனுமதிக்கு ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே முடங்கியது. அந்தச் சரிவில் மண்ணை வெட்டி ஏழெட்டு மாடி எழுப்ப நினைப்பவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது அறை, ஓட்டுக்கூரை, அதோடு நிறுத்திக்கொண்டால் பிழைக்கலாம்.

அப்புறம் அடுக்குமாடி. ஏற்காடு மலை அடிவாரத்தில் பால்கனியைத் திறந்தால் சேர்வராயன் மலை தெரியும், கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி தெரியும். விற்பவர் காட்டுவது இதைத்தான். ஆனால் சேலத்து வசதிக்காரர் தனி வீட்டை விட்டு ஃப்ளாட்டுக்கு வருவது பெரும்பாலும் வயதான பிறகு, பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆள் கிடைக்காமல். அவருக்கு மலையைவிட டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் என் ஓட்டு ஊருக்குள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரத்துக்கே. அடிவாரத்தில்தான் வேண்டும் என்பவர் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறதென்று புல வரைபடத்தில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.

கொண்டலாம்பட்டி பைபாஸில் ஓட்டல் போட்டால்? நல்ல காபியும் சுத்தமான கழிப்பறையும் இருந்தாலே அங்கே கல்லா நிறையும். நீச்சல் குளம் எதற்கு?