பயாப்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டியைக் குப்பையில் போட்ட கதை

எங்கள் செவலைக்கு 9 வயது. கோரிமேட்டில் ஒரு மழை நாளில் ஸ்கூட்டருக்கு அடியில் ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி. வருஷத்துக்கு இரண்டு தரம் தீட்டு வரும், மூன்று வாரத்தில் நின்றுவிடும். இந்த முறை ஆறு வாரமாகியும் நிற்கவில்லை. காலையில் அவள் படுத்து எழுந்த மொசைக் தரையில் காசு காசாக ரத்தச் சொட்டு. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டிக் கறுத்த தோல் தெரிந்தது.

சேலம் டவுனில் ஒரு தனியார் கிளினிக். ஸ்கேன் பார்த்து, இடது சிறுநீரகத்துக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, ஓவரியில்தான் (சினைப்பை), கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாளே மோர்ச்சோறு தின்றாள்.

பில்லில் 'பயாப்சி 3,500' என்று தனியாக இருந்தது, எடுத்த கட்டியை லேபில் பரிசோதிப்பதற்கு. பத்து நாளில் ரிப்போர்ட் என்றார்கள். அப்புறம், "லேப்ல லேட் ஆகுதும்மா." ஐந்தாவது வாரம், லேபுக்கு அனுப்பிய ரசீதையாவது காட்டுங்கள் என்றேன். ரிசப்ஷனில் சத்தமே இல்லை. வெளியே வண்டியை எடுக்கும்போது உதவிக்கு இருக்கும் பையன் பக்கத்தில் வந்து, "அக்கா, அந்தக் கட்டிய அன்னிக்கே கழிவு போடுற மஞ்சக் கவர்ல போட்டாச்சுங்க்கா" என்றான்.

எடுத்தாயிற்று, இனி எதற்குப் பரிசோதனை என்று என் வீட்டுக்காரரே கேட்டார். 50 கிலோமீட்டர் தள்ளி நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனபோது அங்கே டாக்டரின் முதல் கேள்வியே, "கட்டி எங்கேம்மா?"

ரத்தம் நிற்காததும் முடி கொட்டியதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டியாக இருக்கலாம் என்று சொல்கின்றன. ஆனால் அது ஊகம்தான். அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் என்றால் எள்ளை இறைத்த மாதிரி வயிறு முழுக்கப் பரவும். டெரடோமா என்ற இன்னொரு வகைக் கட்டியில் முடி, எலும்பு, சமயத்தில் பல்லே இருக்கும். எது எதுவென்று மைக்ராஸ்கோப்தான் அடித்துச் சொல்லும். கிரானுலோசா கட்டியில் ரத்தத்தில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் (ஓவரியில் சுரப்பது) ஏறும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் பார்க்க ரத்தத்தையும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

மிருகக்காட்சி சாலை ஓநாய்களுக்குச் சில சமயம் செத்த பிறகு அறுத்துப் பார்க்கும்போதுதான் ஓவரிக் கட்டி தெரியுமாம். ஸ்கேன் எடுக்கவே மயக்க ஊசி போட வேண்டிய பிராணி, சரி. மடியில் தலை வைத்துத் தூங்குகிறவளுக்கு என்ன வந்தது?

உங்கள் நாய்க்கு இப்படி ஆபரேஷன் என்றால் லேபுக்குப் போகும் பாட்டிலைக் கண்ணால் பாருங்கள். இரண்டு ஓவரியும் அதில் இருக்க வேண்டும். கட்டியைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவம், கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு. பெரிய கட்டி என்றால் கீறிப் போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழுகிவிடும். ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாயின் பெயர், தேதி, லேப் ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செவலைக்கு இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேட வேண்டும். 3,500ஐத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று வாட்ஸப்பில் பதில் வந்தது: அடுத்த தடுப்பூசியில் கழித்துக்கொள்கிறார்களாம்.