பிரேக் மிதி முன்கூட்டியே சொல்லும்: பந்தயத் தடத்தில் ஆறு ஆண்டுகள்

2019-ஆம் ஆண்டு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எனக்கு அது முதல் நாள். ஐந்தாவது சுற்றில், ஒரு வளைவுக்கு முன் வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மூட்டையில் கால் வைத்தாற்போல் மிதி உள்ளே போனது. காலை எடுத்து இரண்டு முறை வேகமாக மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் தார் முடிந்து, கார் மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளின் நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு சர்வீஸ் நிலையத்தில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பில்லில் 'பிரேக் சரி' என்று எழுதித் தந்தார்கள். அவர்கள் பார்த்தது டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா என்பதை மட்டும். அந்த ஆயிலை ஊற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் கடற்காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் கால் தரும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

வெப்பம் எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,100 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் குறைத்தால் சுமார் 800 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதன் பெரும்பகுதி சில விநாடிகளில் முன்சக்கரங்களோடு சுழலும் இரும்புத் தட்டுகளான டிஸ்க்குகள் இரண்டிலும் இறங்குகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 'கரி' என்ற பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையைவிட நீளம் குறைந்தது. அங்கே பிரேக்குக்கு ஓய்வு இன்னும் குறைவு. வேகம் குறைவாயிற்றே என்று அலட்சியமாக அங்கே போய்விடாதீர்கள்.

அன்றிலிருந்து, தடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முந்தைய வாரம் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிதாக நிரப்புகிறேன். இப்போது ஊற்றுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை 312 டிகிரி. விலை ஒரு டயரின் விலையில் பாதிகூட இல்லை. பெரிய டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வும் பளபளக்கும் சிவப்புக் காலிப்பர் என்று பணத்தை இறைக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிட வேண்டாம். அது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் இனம்தான்.

ஆயில் மாற்ற இருவர் வேண்டும். மிதியில் என் மைத்துனன் உட்காருவான். நான் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலிப்பரின் காற்றுத் திருகில் தெளிந்த டியூபைச் செருகி, மறுமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டுக்கொள்வேன். "மிதி" என்றால் மிதிப்பான். திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினால் கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில் ஓடிவரும், நடுநடுவே சிறு குமிழிகள். காலை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் அவன் கேட்பான்: "பூட்டிவிட்டீர்களா, மாமா?" பூட்டுவதற்கு முன் கால் மேலே வந்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், செய்த வேலை முழுவதும் வீண். டியூபில் தேன் நிறம் தெளியும்வரை இது நடக்கும். இடையிடையே மேல் டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயிண்ட்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவேன், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும். திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த முறைக்கென்று எடுத்துவைப்பதில்லை.

தடத்தில் ஓடும்போது மிதி மெத்தென்று போனால் பெரும்பாலும் ஆயில் கொதித்திருக்கிறது. மிதி கல்லாக நிற்கிறது, ஆனாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கோடு உரசி அதை நிறுத்தும் பிரேக் பேடில். சாலைக்கென்று செய்த பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டியதும் பிடிப்பை இழக்கும். 2020 தொடக்கத்தில் எனக்கு இதுவும் நேர்ந்தது. பேடைக் கழற்றிப் பார்த்தபோது அதன் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. இரண்டு நோய்க்கும் மருந்து வேறு என்பதால், கால் உணர்வதை அங்கேயே மனத்தில் குறித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை விட்டு, மெதுவாகத் தடத்தோரம் கார்களை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்புவதே ஒரே வழி. 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசைக்கு அந்த நேரத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

பிறகு தடத்துக்கென்று தனிப் பேட் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு அலுவலகம் போய்வருவதில்லை. குளிர்ந்திருக்கும்போது பிடிப்பு மந்தம். காலையில் தெருமுனையில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன ஆவது? சத்தமும் கருந்தூளும் வேறு. அதனால் தடத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் மாற்றி, திரும்பியதும் பழையபடி மாற்றிவிடுகிறேன். சாலையில் மூன்று மில்லிமீட்டர் வரை தேயவிடலாம் என்பார்கள். தடத்தில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் நான் தூக்கிப்போட்டுவிடுகிறேன். பேட் மெலிந்தால் வெப்பத்துக்கு பேடைத் தள்ளும் பிஸ்டனும் ஆயிலும் பக்கத்து வீடாகிவிடுகின்றன.

டிஸ்க்கில் மயிரிழைக் கீறல்கள் விழுவது இயல்பு. ஆறிய பிறகு நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பார்ப்பேன். நகம் மாட்டினாலோ, கீறல் விளிம்பைத் தொட்டாலோ அந்த டிஸ்க்கின் ஆயுள் அன்றோடு சரி. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து நோட்டில் எழுதிவைக்கிறேன். துளையிட்ட டிஸ்க் அழகுதான், ஆனால் விரிசல் அந்தத் துளைகளில்தான் முதலில் தொடங்கும். என் ஓட்டு வெற்று டிஸ்க்குக்கே.

காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஊசிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவை தடையின்றி நகராவிட்டால் பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேயும். சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும்.

கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல், மெதுவாக, காற்று வாங்கவிட்டு ஓட்டுகிறேன். நிறுத்தியதும் மிதியில் கால் வைப்பதில்லை. கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கை அழுத்திக்கொண்டிருந்தால் அதன் பூச்சு அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று பலர் சொல்லும் கேஸ்களில் பாதிக்கு மேல் இதுதான் என்று நினைக்கிறேன். காரைக் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துவிட்டு இறங்குவேன்.

கடந்த முறை இருபது நிமிட ஓட்டத்தின் கடைசி வளைவிலும் மிதி முதல் வளைவில் நின்ற உயரத்திலேயே நின்றது. ஆனால் என் காரின் பின்சக்கரங்களில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக்; வீட்டில் அந்த டிரம்மைத் திறந்தபோது, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பின்பக்க இடது வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தில் லேசான ஈரம் தெரிந்தது. விரலால் தொட்டேன், ஆயில்தான். புதிய சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்து சேரும்வரை கார் வாசலை விட்டு நகராது.