கடைசி இடத்தில் கிடக்கும் ஐஸ் ஹாக்கி அணி: டிராஃப்டா, பெரிய பெயரா, அடுத்தவர் பெஞ்சா?

முதலில் மூன்று பெயர்கள். ரயன் ஓரைலி, ஜாக் ஐக்கல், சாம் ரைன்ஹார்ட். மூன்று பேரும் பஃபலோ சேபர்ஸ் அணியில் ஆடியவர்கள். ஓரைலி 2018 கோடையில் செயின்ட் லூயிஸ் போனார், 2019-ல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார், அந்த பிளேஆஃபின் (சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்றின்) சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். ஐக்கல் 2021 நவம்பரில் வேகாஸ் போனார், 2023-ல் கோப்பை. ரைன்ஹார்ட் அதே 2021 கோடையில் ஃப்ளோரிடா போனார், 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை. இவர்களை அனுப்பிவைத்த பஃபலோ, 2011-க்குப் பிறகு 2025 வரை 14 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் வரலாற்றில் வேறு எந்த அணியும் இவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை.

நான் பெரம்பூர்க்காரன். அக்கா 2014-ல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கப் போனார், முதல் லீவில் வரும்போது நீலமும் மஞ்சளுமாக ஒரு ஜெர்சி வாங்கி வந்தார், அன்றிலிருந்து இந்த அணி என் அணி. அங்கே மாலை ஏழு மணி ஆட்டம் இங்கே குளிர்காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். தெருவில் பால் பாக்கெட் போடுகிற நேரத்தில் இரண்டாவது பீரியட் ஓடிக்கொண்டிருக்கும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நாம் பார்க்கிற ஹாக்கி இல்லை இது. பனித்தரை, கோல்கீப்பரைச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறே பேர், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு ஆள் மாறி ஆள் மாறி இறங்குவார்கள். அதனால் ஒரு பெரிய ஸ்டாரை மட்டும் வாங்கி வைத்துக் கரைசேர முடியாது, மூன்றாவது நான்காவது வரிசை ஆட்கள் வரைக்கும் சரியாக இருக்கவேண்டும்.

போன மாதம் பாரிமுனை அத்தோ கடையில் இரண்டு நண்பர்களோடு, கடைசி இடத்தில் கிடக்கும் ஒரு அணியை எப்படி மேலே கொண்டுவருவது என்று ரொம்ப நேரம் சண்டை. ஒருவர் வியாசர்பாடி, சின்ன வயதிலிருந்து கால்பந்து ஆடியவர், இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "சின்னப் பசங்கள எடு மச்சான், நாலு வருஷம் கம்முனு இரு, தானா வரும்" என்பது அவர் கட்சி. இன்னொருவர் ராயபுரம். காசு இருக்கும்போது நல்ல ஆளை வாங்காமல் எதற்குக் காத்திருக்கவேண்டும் என்று கேட்டார். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். என்ஹெச்எல்-ல் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2025-26 சீசனுக்கு 9.55 கோடி டாலர், 2026-27-க்கு 10.4 கோடி. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் தாண்ட முடியாது. ஆகவே ஒருவருக்குத் தப்பாகக் கொடுத்த சம்பளம் என்பது இன்னொரு நல்ல ஆட்டக்காரருக்குக் கொடுக்க முடியாமல் போன சம்பளம். கோடையில் எடுக்கிற எல்லா முடிவையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

சரி, வியாசர்பாடி வழியை முதலில் எடுப்போம். ஜூன் கடைசியில் டிராஃப்ட், 18 வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு தானாக வந்துவிடாது, குலுக்கல் உண்டு, இப்போதைய விதிப்படி அந்த அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான். பஃபலோ 2014, 2015, 2018, 2021 என்று நான்கு முறை கடைசி இடத்தில் முடித்தது. 2014 குலுக்கலில் முதல் இடம் ஃப்ளோரிடாவுக்குப் போனது, அவர்கள் ஆரன் எக்பிளாடை எடுத்தார்கள், நாங்கள் இரண்டாவதாக ரைன்ஹார்ட்டை எடுத்தோம். பத்து வருஷம் கழித்து அந்த இரண்டு பேரும் ஒரே சட்டையில் கோப்பையைத் தூக்கினார்கள், ஃப்ளோரிடா சட்டையில். அந்த ஜூன் காலையில் அக்காவும் நானும் போனில் பேசவே இல்லை, சும்மா லைனில் இருந்தோம்.

2015-ல் எல்லாரும் எதிர்பார்த்தது அந்த வருஷ டிராஃப்டின் பெரிய பெயரான கானர் மெக்டேவிட்டை. அந்த மார்ச் மாதம் பஃபலோவின் சொந்த அரங்கத்தில் அரிசோனா கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டபோது உள்ளூர் ரசிகர்களே கைதட்டினார்கள், தோற்றால்தானே கடைசி இடம் உறுதி. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் குலுக்கலில் மெக்டேவிட் எட்மன்டன் போனார், எங்களுக்கு இரண்டாவது தேர்வாக ஐக்கல். அந்த எட்மன்டனும் 2010-லிருந்து ஆறு வருஷத்தில் நான்கு முறை முதல் தேர்வை வாங்கிய அணிதான், அப்படியும் பத்து சீசன் தொடர்ந்து பிளேஆஃப் இல்லாமல் கிடந்தது.

டிராஃப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கொலராடோவைப் பாருங்கள். 2016-17-ல் 48 புள்ளி எடுத்துக் கடைசி, குலுக்கலிலும் அடிவாங்கி நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே எடுத்த பையன் கேல் மக்கார், 2022-ல் கோப்பை. வித்தியாசம் என்னவென்றால், மக்கார் வளர்ந்து வரும்போது அங்கே மெக்கின்னன், லாண்டஸ்காக், ரான்டனன் ஏற்கெனவே இருந்தார்கள், கோப்பை வரும்வரை அவர்களை யாரும் விற்கவில்லை. பஃபலோ பையனை எடுக்கும், 24, 25 வயதில் அவன் நன்றாக ஆட ஆரம்பிக்கும்போது பிளேஆஃப் இல்லாத சலிப்பில் அவனும் கசந்துபோவான், நிர்வாகமும் கசந்துபோகும், அனுப்பிவிடும், அப்புறம் முதலிலிருந்து இன்னொரு 18 வயதுப் பையன். வியாசர்பாடி நண்பரிடம் இதைத்தான் கேட்டேன்: நீ வளர்த்த பையன் பத்தாவது படிக்கும்போது அவனை அடுத்த டீமுக்குக் கொடுத்துவிட்டு ஆறாவது படிக்கிறவனைக் கூட்டிவந்து நிறுத்தினால் உன் டீம் எப்போது பெரிதாகும்?

ராயபுரம் வழி ஜூலை 1. அன்றுதான் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்குச் சந்தை திறக்கிறது. பெரும்பாலும் 27 வயது ஆனபிறகே ஒருவர் முழு சுதந்திரத்தோடு இந்தச் சந்தைக்கு வரமுடியும், அதாவது அவர் ஏற்கெனவே ஆடிமுடித்த நல்ல வருஷங்களுக்காக இனிமேல் ஆடப்போகும் சுமாரான வருஷங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். நம்ம ஏரியா டோர்னமென்டில் பரிசுப் பணம் பெரிதாக இருந்தால் கெஸ்ட் ப்ளேயர் கூட்டிவருவார்களே, அதேதான், ஆனால் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும், இங்கே வருஷக்கணக்கில் ஓடும். 2011-ல் புது முதலாளி வந்த உற்சாகத்தில் பஃபலோ எர்ஹாஃபுக்கு 10 வருஷம் 4 கோடி டாலர், லெய்னோவுக்கு 6 வருஷம் 2.7 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டது. 2014-ல் இரண்டு பேருக்கும் ஒப்பந்தத்தை முறிக்கப் பணம் கொடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. 2020-ல் டெய்லர் ஹால் ஒரு வருஷத்துக்கு 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வந்தார், 37 ஆட்டத்தில் 2 கோல்.

முறிப்பது சுலபம் என்று நினைக்கக்கூடாது. 26 வயதைத் தாண்டியவரை முறித்தால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீதி வருஷங்களைப்போல் இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும், அது உச்சவரம்பிலும் உட்காரும். ஜெஃப் ஸ்கின்னர் 40 கோல் போட்ட சூட்டோடு 2019-ல் 8 வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் வாங்கினார், 2024-ல் பஃபலோ அதை முறித்தது. 2029-30 வரைக்கும் அவர் பெயரில் கணக்கு ஓடும், 2026-27-ல் மட்டும் 64 லட்சம் டாலருக்கு மேல். மினசோட்டாவின் கதை இதைவிடக் கடுமை. 2012-ல் பரீஸே, சூட்டர் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 13 வருஷம், 9.8 கோடி டாலர். 2021-ல் இருவரையும் முறித்ததால் 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் தலா 1.47 கோடி டாலர் அவர்கள் கணக்கில் செத்த பணமாகக் கிடந்தது. ஒரு முதல்தர வரிசையையே வாங்கியிருக்கலாம் அந்தப் பணத்தில்.

மூன்றாவதாக ஸ்டார் டிரேட், அதாவது நம் ஆட்களைக் கொடுத்து இன்னொரு அணியின் பெரிய பெயரை மாற்றி வாங்குவது. இதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் 2022 ஜூலையில் ஃப்ளோரிடா மேத்யூ கச்சக்கை வாங்கியது. முந்தைய சீசனில் 115 புள்ளி (ஆட்டக்காரருக்குப் புள்ளி என்றால் போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்த ஹூபர்டோவையும் வீகரையும் கொடுத்து வாங்கினார்கள், அதன் பிறகு மூன்று இறுதிப்போட்டி, இரண்டு கோப்பை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிரேட் செய்தபோது ஃப்ளோரிடா 122 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடத்தில் முடித்த அணி. அடித்தளம் போட்டு சுவர் எழுப்பி கடைசியாக வைத்த கோபுரம் கச்சக். கீழே கிடக்கும் அணி ஸ்டாரை வாங்கப் போனால் கையில் இருக்கும் இரண்டு மூன்று நல்ல ஆட்களைத்தான் கொடுக்கவேண்டும். விற்கப் போனால் இன்னும் மோசம். ஓரைலிக்குப் பதிலாக வந்ததில் டேஜ் தாம்சன் 2022-23-ல் 47 கோல் போட்டார், அதை நான் மறைக்கமாட்டேன், ஆனால் அதற்குள் ஐந்து சீசன் போய்விட்டது.

இப்போது என் கட்சி. அடுத்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 22 முதல் 25 வயது ஆட்கள். டிராஃப்டில் நல்ல இடத்தில் எடுக்கப்பட்டு, பெரிய அணியில் இடம் கிடைக்காமல், நாலு நிமிஷம் ஐந்து நிமிஷம் இறங்கி ஏறுகிறவர்கள். ஃப்ளோரிடாவின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாருங்கள், இவர்கள்தான். கார்ட்டர் வர்ஹேகியை 2020-ல் டாம்பா வேண்டாம் என்று விட்டது, ஃப்ளோரிடா வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குக் கூட்டிவந்தது. கஸ்டாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினா வெய்வர்ஸில் போட்டது, அதாவது யார் வேண்டுமானாலும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல், ஃப்ளோரிடா எடுத்தது, இன்று அவர் அந்த அணியின் தடுப்புக்கே முதுகெலும்பு. பிராண்டன் மான்டோரை ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு, அதாவது டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஒரு பையனை எடுக்கும் உரிமைக்கு, விற்றது யார் தெரியுமா, பஃபலோ. அவரும் 2024-ல் கோப்பை தூக்கினார்.

இதே வழியில் இன்னொரு கிளை ஆஃபர் ஷீட். வேறொரு அணியின் இளம் ஆட்டக்காரருக்கு நாம் சம்பளம் சொல்லலாம், அவருடைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகைக்கு ஒத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் ஆள் நமக்கு, பதிலுக்கு டிராஃப்ட் தேர்வுகள் அவர்களுக்கு. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் இதை ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் செய்தது. அதே ஜூனில் இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்ற எட்மன்டனிடம் உச்சவரம்பில் இடமே இல்லை என்று கணக்குப் பார்த்து, ஃபிலிப் பிராபர்குக்கு வருஷம் 45.8 லட்சம் டாலர், டிலன் ஹாலவேவுக்கு 22.9 லட்சம். எட்மன்டன் இருவரையும் விட்டது. போனது ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். அந்த ஹாலவே அடுத்த சீசனில் 63 புள்ளி எடுத்தார், அணி பிளேஆஃப் போனது. விலை, காலம், ஆபத்து மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜூலை 1 சந்தையில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூட ஒன்றும் கிடையாது.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வியை ராயபுரம் நண்பர் கேட்டார்: உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகிறதே, எல்லா அணியிடமும் இடம் இருந்தால் ஆஃபர் ஷீட்டை உடனே சமன் செய்துவிடமாட்டார்களா? செய்வார்கள். 2027-28-ல் வரம்பு 11.35 கோடி டாலர் ஆகப்போகிறது, 2024-ல் எட்மன்டன் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு அணி கிடைப்பது கஷ்டமாகும். அதனால் நான் ஆஃபர் ஷீட்டை மட்டும் நம்பமாட்டேன், மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து பெஞ்ச் ஆளை வாங்குவேன், வெய்வர்ஸைப் பார்ப்பேன். கோல்கீப்பரையும் அங்கேதான் தேடுவேன். 2019 ஜனவரி ஆரம்பத்தில் செயின்ட் லூயிஸ் முழு லீக்கிலும் கடைசி, அப்போது கீழ் லீக்கிலிருந்து வந்து வலையில் நின்ற ஜார்டன் பின்னிங்டன் 2011-ல் டிராஃப்டில் எடுக்கப்பட்டு எட்டு வருஷமாக வரிசையில் நின்றவர். ஜூனில் கோப்பை.

வியாசர்பாடி நண்பருக்கு இந்தப் பெஞ்ச் ஆட்கள் விஷயம் பிடித்துப்போனது. "அப்போ இவன்லாம் யார்கிட்டயோ வளர்ந்த பையன்தானே மச்சான்" என்றார். ஆமாம், வளர்ந்துமுடித்து இடம் மட்டும் கிடைக்காத பையன்.

சரி, நான் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஜூனில் முதல் வேலை, நம்மிடமே இருக்கும் 24, 25 வயது ஆட்களை உட்காரவைத்துப் பேசி ஒப்பந்தத்தை நீட்டிப்பது. அவர்களில் ஒருவரையும் விற்கமாட்டேன், கோபமாக இருந்தாலும். ஜூலை 1 அன்று ஒரு வருஷம் இரண்டு வருஷத்துக்கு மேல் யாருக்கும் கையெழுத்துப் போடமாட்டேன். ஆகஸ்டில் எந்த அணியின் சம்பளக் கணக்கு இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், அணிகள் ஆட்களைக் குறைக்கும்போது தினமும் வெய்வர்ஸ் பட்டியல் வரும். சீசன் தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் முதல் உரிமை போன சீசனில் கடைசியாக முடித்த அணிக்குத்தான். டிராஃப்ட் மாதிரி குலுக்கல் எல்லாம் இதில் கிடையாது. அங்கே மதியம் இரண்டு மணி, இங்கே ராத்திரி பதினொன்றரை. வருஷாவருஷம் அந்த நேரத்தில் அக்கா அனுப்பும் பட்டியலை நான் பெயர் பெயராகப் படிக்கிறேன், வயதைப் பார்க்கிறேன், எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டவன் என்று பார்க்கிறேன், இன்னொரு ஃபோர்ஸ்லிங் அதில் இருக்கிறானா என்று.