யாழ்ப்பாணத்தில் குடியை விட்டவர்களின் கூட்டம் தேடிப் போன கதை

குடியை விட்டுவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில் நான் ஏஏ கூட்டத்தைத் தவறவிடுவதில்லை. ஊரில் அப்படி ஒன்று கிடைக்குமா என்பதுதான் புறப்பட முன்னமே இருந்த யோசனை, ஏனென்றால் எனக்கு ஊரில்தான் பயம் கூட. வெளிநாட்டுக்காரன் போத்தலோடு வருவான் என்று மச்சான்மார் எல்லாரும் காத்திருப்பார்கள். கட்டுநாயக்காவில் டியூட்டி ஃபிரீ கடையைத் தாண்டி வெறுங்கையோடு வந்தால் முகம் சுண்டிப்போகும். "ஒரு சொட்டு எடுத்தால் என்னடா, செத்தே போவாய்?" என்று பெரியப்பா கேட்பார், அதுவும் பாசத்தோடு கேட்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், ஏஏ என்பது ஆல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியால் அழிந்துகொண்டிருந்த இரண்டு பேர், ஒரு பங்குத் தரகரும் ஒரு டொக்டரும், தங்களுக்குள் பேசிப் பேசியே தொடங்கியது. காசு கட்டத் தேவையில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை என்பதுதான் அதன் உயிர்.

அந்த உயிர்தான் யாழ்ப்பாணத்தில் நிற்காது. ஓட்டோவில் ஏறி இருக்கவே ஓட்டுகிற தம்பி கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறான், "அண்ணை எந்த இடம், ஆரின்ரை மகன்?" இப்படியான ஊரில் பெயரில்லாமல் எங்கே போய் இருப்பது? நான் போன நேரத்தில் ஏஏ என்ற பெயரில் கூட்டம் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. ஒரு அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கிருந்தவர் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "குடி விடுறதுக்கோ? ஆருக்கு, உங்களுக்கோ?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. புதிதாக விட நினைத்து வருகிற ஒருவன் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பான், திரும்பிப் போகிற வழியில் தவறணையும் இருக்கும்.

கடைசியில் வழி காட்டியது ஒரு மருந்துக்கடைக்காரர். ஆஸ்பத்திரி மனநலப் பகுதியில் கேளுங்கள் என்றார். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. "மனநலம்" என்ற போர்டைப் பார்த்துச் சனம் ஒதுங்குவது தெரியும், ஆனாலும் குடிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நான் போன இடத்தில், எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, கிளினிக் முடிந்த பிறகு பின் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு ஒரு குழு கூடுகிறது.

ஏஏ போல இல்லை. ஏஏயில் எல்லாரும் குடித்தவர்கள், நடத்துகிறவரும் குடித்தவர். இங்கே உளவளத்துணையாளர் ஒருவர் நடத்துகிறார், கொப்பியில் பெயர், விலாசம் எல்லாம் எழுதுகிறார்கள். முதலில் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் மனைவிமார் கூடவே வந்து இருக்கிறார்கள், ரொறன்ரோவில் நான் போகிற கூட்டத்தில் இதைப் பார்த்ததில்லை. ஒரு மேசன் வேலைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவி இடைமறித்து "பொய் சொல்லாதையுங்கோ, அது சம்பளத்தன்று இல்லை, அதுக்கு முதல் நாள்" என்றார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். இப்படித் திருத்துவதற்கு எனக்கு ரொறன்ரோவில் ஆள் இல்லை.

போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, பற்றியும் கதை வந்தது. அன்று சாராயக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி ஒளித்து வைப்பதும், அது முடிந்தால் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்கு, ஓடுவதும்.

வயதான ஒருவர் சொன்னதை மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். கோயிலில் சத்தியம் பண்ணி ஒரே நாளில் விட்டாராம், மூன்றாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று வரும், உயிரே போகலாம். டொக்டரின் மேற்பார்வையில் மருந்தோடும் விற்றமின் பி1 உடனும் விடுவதுதான் பாதுகாப்பு. ஊரில் இன்னும் "மனம் வைத்தால் விடலாம்" என்றுதான் சொல்கிறார்கள். மனம் வேண்டும்தான், ஆனால் வலிப்புக்கு மனம் மருந்தில்லை.

அப்புறம் இணையவழி ஏஏ கூட்டங்கள். கோடையில் ரொறன்ரோவில் இரவு ஏழரை என்றால் யாழ்ப்பாணத்தில் அடுத்த நாள் விடிய ஐந்து மணி. வீட்டில் எல்லாரும் தூங்க, நான் கிணற்றடியில் போனோடு இருந்தேன். தமிழில் வேண்டும் என்றால் சென்னைப் பக்கம் தேடுங்கள், அங்கே ஏஏ நன்றாக வேரூன்றியது, நேரமும் ஊர் நேரமேதான். அவர்கள் எல்லாரையும் "சார்" என்பார்கள், நம் பேச்சு பாதி விளங்காமலே தலையாட்டுவார்கள், அது பரவாயில்லை.

கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்காவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் அக்காதான் பெரியப்பாவைச் சமாளித்தார், "அவனுக்கு ஈரல் பிரச்சினை" என்று ஒரு பொய். போனில் கேட்க வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கிளினிக் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், போயாவிலும் மற்ற அரச விடுமுறையிலும் பூட்டு, அதனால் முதல் நாளே கேட்டுவிட்டுப் போங்கள்.