திறந்து கிடக்கும் அமைவுக் கோப்புகளும் லினிஸ் தணிக்கைக் கருவியும்

கிளவுட் சர்வர்களுக்கான உபுண்டு 22.04 இமேஜில் (சர்வர்களை உருவாக்கப் பயன்படும் ஆயத்த இயங்குதள நகலில்) எதையும் மாற்றாமல், லினக்ஸின் பாதுகாப்பு அமைவுகளைச் சோதிக்கும் லினிஸை ஓடவிட்டால், தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் அமைவுக் கோப்பு, குறித்த நேரத்தில் ஓடும் பணிகளைப் பட்டியலிடும் கிரான்டேப், அத்தகைய பணிகளுக்கான கிரான் கோப்புறைகள் ஆகியவற்றின் எதிரே அனுமதியைக் குறைக்கும்படி பரிந்துரை வருகிறது. முதல் இரண்டின் அனுமதி 644. அதாவது, அந்தச் சர்வரில் கணக்குள்ள எவரும் அவற்றைப் படிக்கலாம். லினிஸ் எதிர்பார்ப்பது 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் பூலன் 2007இல் வெளியிட்ட இந்தத் தணிக்கைக் கருவி முழுவதும், லினக்ஸில் ஏற்கெனவே உள்ள கட்டளை இயக்கியான ஷெல்லின் நிரலாகவே எழுதப்பட்டுள்ளதால், அதை நிறுவக்கூட வேண்டியதில்லை. கோப்புறையை இறக்கி அப்படியே இயக்கலாம். ஒரு சோதனை எதைப் பார்க்கிறது என்ற ஐயம் எழுந்தால் நிரலையே திறந்து படித்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

லினிஸ் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடும், எதையும் தானாகத் திருத்தாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எஸ்எஸ்எச் சேவை தன் அமைவுக் கோப்பை ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) உரிமையுடன் படிப்பதால் அதை 600 ஆக்குவதில் பாதகமில்லை. அதே வேகத்தில் ஒருவர், கணக்குப் பெயர்களின் பட்டியலான பாஸ்வேர்டு கோப்பையும் (/etc/passwd) 600 ஆக்கிவிட்டால், சாதாரணப் பயனர்களின் நிரல்களுக்குக் கணக்குப் பெயர்கள் தெரியாமல் வெறும் எண்களே மிஞ்சும். எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்ற முடிவு ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அனுமதிச் சோதனை தன் இயல்புநிலைப் பட்டியலில் உள்ள சில கோப்புகளையும் கோப்புறைகளையும் மட்டுமே பார்க்கிறது. கிளவுட் இமேஜில் முக்கியமான, நெட்வொர்க் அமைவுக் கருவியான நெட்பிளானின் கோப்பு அதில் இல்லை. வைஃபை கடவுச்சொல்லோ வயர்கார்டு என்ற விபிஎன்னின் தனித்திறவியோ (ரகசியச் சாவியோ) அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். அது பிறர் படிக்கும்படி விடப்பட்டதே பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-4968 என்று பதிவான பாதிப்பு. கோப்பு திறந்திருந்தால் இப்போது நெட்பிளானே எச்சரிக்கிறது, லினிஸோ வாயே திறப்பதில்லை. இதற்கு மாற்று உண்டு: நமக்கென எழுதும் தனிச் சுயவிவரக் கோப்பில் (லினிஸின் அமைவுகளைக் கொண்ட கோப்பில்) பாதை, எதிர்பார்க்கும் அனுமதி, உரிமையாளர், குழு ஆகியவற்றை ஒரே வரியில் சேர்த்தால் அடுத்த ஓட்டத்திலேயே அதுவும் சோதிக்கப்படும். பட்டியலுக்கு வெளியே பிறர் எழுதக்கூடிய கோப்புகளைத் தேட, லினக்ஸின் கோப்புத் தேடல் கட்டளையான ஃபைண்டே போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் லினிஸின் பரிந்துரைப்படி அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் அவற்றைத் திருத்துவதில் பெரிய பயனில்லை. அடுத்த சர்வர் அதே பழைய இமேஜிலிருந்து 644உடனேயே எழும். பேக்கர் போன்ற இமேஜ் உருவாக்கும் கருவியால் இமேஜைத் தயாரிக்கும் கட்டத்தில் அனுமதிகளைத் திருத்தி, அதன்பின் லினிஸை ஓட்டி, பரிந்துரை மிஞ்சினால் அந்த இமேஜை வெளியிடாமல் நிறுத்தும்படி அமைத்துக்கொள்பவர்களுக்கு இது மிகப் பொருத்தமான கருவி. ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் கிடைப்பதால் கட்டணமும் இல்லை.