டோனா நூக் சீல்களும் என் 600 மி.மீ. லென்ஸும்: ஆறு குளிர்கால அனுபவம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கடற்கரையிலுள்ள டோனா நூக்கில், சாம்பல் சீல்கள் குட்டி ஈன வரும் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரையிலான காலத்தில், தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் (எண் கூடக்கூட நெருக்கம் கூடும்) ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். (நாம் கடல்நாய் என்று அழைக்கும் இவ்விலங்கின் இலத்தீன் பெயருக்குக் கொக்கி மூக்குக் கடற்பன்றி என்று பொருள், இரண்டுமே அதன் முகத்துக்கு நியாயம் செய்யவில்லை.)

இந்த லென்ஸை வாங்க வைத்தது என் தவறுதான். அதற்கு முந்தைய ஆண்டு, வேலியில்லாத வேறொரு கரையில், 200 மி.மீ. லென்ஸோடு ஒரு குட்டியை நெருங்கினேன். தாய் தலையை உயர்த்தி என்னையே பார்த்தது. பிறகு முன்துடுப்பை ஆட்டிச் சீறியது. அது எச்சரிக்கை என்று அறியாமல் நான் படமெடுத்துக்கொண்டே இருந்ததால், அது குட்டியை விட்டுவிட்டுக் கடலில் இறங்கிவிட்டது. மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அது திரும்பி வருவதைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சுமார் 14 கிலோ எடையோடு பிறக்கும் குட்டி, பாதிக்கு மேல் கொழுப்பான பாலைக் குடித்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் மூன்று மடங்காக வேண்டும். அதுவரை தாய் இரை தேடுவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது இதைப் படித்த பிறகே உறைத்தது.

பெரிய உணரி கொண்ட ஃபுல்ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 40 மீட்டர் தொலைவிலுள்ள குட்டி சட்டத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிறைகிறது. கண்ணோரத்து ஈரத்தடம்கூடத் தெரிகிறது. ஓசையற்ற எலெக்ட்ரானிக் ஷட்டரும் கைகொடுக்கிறது. இருண்ட சேற்றில் கிடக்கும் வெள்ளைக் குட்டியை கேமராவின் ஒளிமானியை நம்பி எடுத்தால் ரோமம் வெளிறிப்போகும் என்பதால், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. நான்கு மணிக்கு முன்பே பொழுது சாயும் டிசம்பரில் லென்ஸின் எஃப் 6.3 துளை வழியே வரும் ஒளி போதாமல், கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது; படத்தில் புள்ளிகள் கூடுகின்றன. ஜூம் வளையத்தில் மணல் புகுந்து ஒருமுறை பழுதுபார்க்க நேர்ந்தது. இரண்டு கிலோ எடைக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் தோள் தாங்காது. பார்வையாளர் வேலியை ஒட்டியே படுத்துக்கொள்ளும் குட்டிகளுக்கோ 150 மி.மீ.கூட அதிகம்.

இங்கே விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் இருக்கிறது. தலைக்கு மேல் சீறும் ஜெட் விமானங்களுக்கு அசையாத சீல்கள், வேலியைக் கடந்து மணல் விளிம்புக்கு நடக்கும் ஓர் ஆளைக் கண்டால் வரிசையாகத் தலை தூக்குகின்றன. வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும்படி வனவுயிர் அறக்கட்டளை கேட்டும், 'இன்னும் கொஞ்சம் தாழ்ந்த கோணம்' தேடி அங்கே போகும் படக்காரர்கள் இருக்கவே செய்கிறார்கள். தூங்கும் சீல் தூங்கிக்கொண்டே இருக்கும் படத்தைத்தான் நான் இப்போது வைத்துக்கொள்கிறேன். என்னை நேராகப் பார்க்கும் படங்களை, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அழித்துவிடுகிறேன்.

அடுத்த குளிர்காலத்துக்கும் இதே லென்ஸ்தான். மழையுறையை மட்டும் மாற்ற வேண்டும்.