2 டெராபைட் என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டிக்குள் இருந்தது ஒரு மெமரி கார்டு: ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லேப்டாப்பில் ஒலிப்பதிவு செய்வதற்காக வெளிப்புற டிரைவ் ஒன்றை வாங்க நினைப்பவர்கள், வாங்கிய கையோடு அதைப் பதிவுக்கு எடுத்துச் செல்வதற்கு முன் எனக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மூன்று நாள்கள், நாளுக்கு ஐந்து மணி நேரம், பதினாறு மைக்குகள் வைத்து ஓர் இசைக்குழுவைப் பதிவு செய்தேன். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் இன்று என்னிடம் இருப்பது ஏறக்குறைய ஏழரை மணி நேரம் மட்டுமே. மீதியை நான் அழிக்கவில்லை, டிரைவ் கீழே விழவும் இல்லை. அந்தப் பதிவு எங்கும் எழுதப்படவே இல்லை.

அந்த டிரைவை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி என்று விற்கப்பட்டதை, இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஒரு தனி விற்பனையாளரிடம் வாங்கினேன். 2 டெராபைட் கொள்ளளவு, அதிவேகம், உலோக உறை என்று விவரம் போட்டிருந்தார்கள். மைக்குக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் பதினாறு டிராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்) பதிவு செய்யத் தாங்குமா என்று கேட்டு எழுதினேன். தாராளமாகத் தாங்கும் என்று பதில் வந்தது. அதே கொள்ளளவுள்ள மற்ற டிரைவ்களைவிட விலை மிகக் குறைவாக இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை, ஆனால் பெயர் பெறாத நிறுவனம் என்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். லேப்டாப்பில் செருகிப் பார்த்தபோது 1.81 டெராபைட் என்று காட்டியது. தயாரிப்பாளர்கள் ஆயிரங்களாலும் விண்டோஸ் 1024களாலும் கணக்கிடுவதால், உண்மையான 2 டெராபைட் டிரைவும் அதே எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணைக்கூடப் பிசகாமல் பொய் சொல்லியிருந்தார்கள்.

இந்த ஏமாற்று வேலை ஒலிப்பதிவு செய்பவர்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகப் பலிக்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித்தர அளவில் ஒரு டிராக்குக்கு நொடிக்கு 144 கிலோபைட் போதும். பதினாறு டிராக்குகளும் சேர்ந்தாலும் நொடிக்கு 2.3 மெகாபைட்தான் ஆகிறது, மணிக்கு 8.3 ஜிபி. இந்த வேகத்துக்குச் சாதாரண மெமரி கார்டே ஈடுகொடுத்துவிடும். பெரிய வீடியோ கோப்புகளைக் கையாள்பவர் இதே டிரைவை வாங்கியிருந்தால், அது ஊர்ந்து போவதைப் பார்த்து முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார். எனக்கோ பதிவு ஒரு முறையும் நிற்கவில்லை, ஓர் எச்சரிக்கைச் செய்தியும் வரவில்லை. முதல் நாள் ஏறத்தாழ 41 ஜிபி எழுதினேன். அது முழுதும் நல்லபடியாக இருக்கிறது. உண்மையில் அதற்குள் இருந்தது 64 ஜிபி என்பதால், இரண்டாம் நாள் பதிவின் பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு லேப்டாப் அனுப்பிய ஒவ்வொரு துண்டையும் வாங்கிக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிட்டு, எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறது அந்த டிரைவ்.

நான் சரிபார்க்காமலும் இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்புகளும் சரியான அளவோடு இருந்தன. கோப்புகளின் பெயரும் அளவும் குறிக்கப்படும் பகுதி, முதல் நாளே உருவாக்கிய கோப்புறையோடு சேர்ந்து, உண்மையாக இருந்த அந்த 64 ஜிபிக்குள் இடம்பிடித்திருந்ததே அதற்குக் காரணம். பதிவு மென்பொருளில் ஒலியை வரைந்து காட்டும் அலைவடிவங்களும் அழகாகத் தெரிந்தன, ஏனெனில் அலைவடிவத்தை வரைவதற்கான சிறு கோப்புகளை என் லேப்டாப்பின் உள் டிரைவில் சேமிக்கும்படி அமைத்திருந்தேன். கடைசியாகப் பதிவான சில நிமிடங்களை ஓடவிட்டும் கேட்டேன்; தெளிவாகக் கேட்டது. சற்று முன் எழுதிய தரவை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருந்து அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும் என்பதால், நான் கேட்டது டிரைவில் இருந்த ஒலியே அன்று. இதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்: டிரைவைக் கழற்றி, லேப்டாப்பை மறுபடியும் தொடங்கி, மீண்டும் செருகிக் கேட்டால்தான் அது சரிபார்ப்பு.

ஒரு வாரம் கழித்து, டிராக்குகளை ஒன்றுசேர்த்துப் பாடலாக்கும் கலவை (மிக்ஸிங்) வேலைக்காக வேறொரு கணினியில் செருகியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. இரண்டாம் நாளின் நீண்ட கோப்புகள் பாதி வரை பாடிவிட்டு, அதற்கு மேல் ஒரே நேர்கோடாக, எந்த ஒலியும் இல்லாமல் நீண்டன. அதற்குப் பின் தொடங்கிய கோப்புகள் திறக்கவே மறுத்தன. தரவு மீட்புப் பணி தெரிந்த ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு சின்னப் பலகையும், அதில் பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டு ஒன்றும், கையில் கனமாகத் தோன்றுவதற்காக வைத்த ஓர் இரும்புத் துண்டும் இருந்தன. எழுதப்படாததை யாராலும் மீட்க முடியாது என்று அவர் சொன்னபோது, குழுவினரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற எண்ணத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அவர்கள் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பாடியவர்கள்.

விற்பனையாளர் நடந்துகொண்ட விதம் இன்னும் மோசமானது. முதலில் நான் தவறாக ஃபார்மேட் செய்துவிட்டதாக எழுதினார். பிறகு, கணக்கிடும் முறையால் கொள்ளளவு குறைந்து தெரியும் என்று, 1.81 பற்றிய அந்த உண்மையான விளக்கத்தையே பொய்க்குக் கவசமாக்கினார். திறந்த உறையின் படங்களை அனுப்பியபோது, உறையைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார். விற்பனைத் தளமும் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்தது. டிரைவின் கொள்ளளவு உண்மைதானா என்ற சோதனையை நான் முதல் நாளே செய்து, அதன் முடிவைப் படமெடுத்து வைத்து, உறையைத் தொடாமல் திருப்பியனுப்பியிருந்தால் பணமாவது வந்திருக்கும்.

அந்தச் சோதனைக்கு இலவச மென்பொருள்களே போதும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) ஆகியவை டிரைவ் முழுவதையும் தங்களுக்குத் தெரிந்த தரவால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடும். நேரம் பிடிக்கும் வேலைதான்: நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டை எழுதவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்க ஏறத்தாழ அதே நேரம் வேண்டும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். யூஎஸ்பி 3 என்று விற்ற டிரைவ் எழுதும் வேகம் நொடிக்கு 30 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்றால் அதுவே ஒரு சந்தேகத்துக்குரிய அறிகுறி.

டிரைவைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வேகத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம் என்பது என் கருத்து. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் சாதாரண ஹார்டு டிஸ்க்கே பதினாறு டிராக்குகளைத் தாங்கும்; மைக்குக்கு அருகில் வைத்தால் அதன் இரைச்சல் பதிவாகும் என்பதும், பதிவின் நடுவே தட்டிவிட்டால் கெடும் என்பதும்தான் அதன் குறைகள். அதிகம் கவனிக்க வேண்டியது இணைப்பும் மின்சாரமும். மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் டிரைவையும், தனி மின்சாரம் இல்லாத ஒரே யூஎஸ்பி ஹப்பில் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டியில்) செருகினால், ஒரு யூஎஸ்பி 3 துளை தருவதாக வரையறுக்கப்பட்ட 900 மில்லி ஆம்பியரை இரண்டும் பங்குபோட வேண்டியிருக்கும். நான் இப்போது லேப்டாப்பின் உள் டிரைவிலேயே பதிவு செய்து, ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு வெளிப்புற டிரைவ்களுக்குப் படியெடுத்து, படிகளைச் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து ஒப்பிட்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

நான் வாங்கிய பக்கம் அந்தத் தளத்திலிருந்து இப்போது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே உலோக உறையின் அதே படம், வேறொரு விற்பனையாளரின் பெயரில், 4 டெராபைட் என்ற விவரத்தோடு மறுபடியும் அங்கே இருக்கிறது.